குறை சொல்ல ஒரு நாள் வேலை

பரிமளம் அம்மாவின் ஆசிரமத்தில் விதிகள் அதிகம் இல்லை. ஆனால் இருந்த ஒரு விதி எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. யார் மேல் குறை இருந்தாலும், அவருடைய வேலையை ஒரு நாள் முழுக்கச் செய்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்பவர் மறுநாள் விடிகாலையில் அடுப்பு மூட்ட வேண்டும். பல குறைகள் அந்த அடுப்பிலேயே வெந்து போகும். சில குறைகள் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அப்படி வந்தால் அம்மா உட்கார வைத்துக் கேட்பார்.

தமயந்திக்கு அறுபத்தொரு வயது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று வந்த சிஷ்யை. அம்மாவோ அவரைவிட இருபது வயது இளையவர். இவர் 'அம்மா' என்பார், அவர் 'அக்கா' என்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

ஒரு நாள் சோப்பு வாங்க டவுனுக்குப் போனார் தமயந்தி. கடையில் அலமாரிப் பக்கம் நின்ற பெண் இவர் முகத்தைப் பார்த்தாள். சோப்புக்குப் பதிலாக ஒரு வெள்ளை டியூபை நீட்டினாள்.

"மேடம், ஒரே மாசத்துல நல்லா கலர் குடுக்கும்."

பெண் பார்க்க வந்தவர்கள் முதல் கடைசி பெஞ்சுப் பையன்கள் வரை தன் நிறத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் தமயந்திக்கு ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. வலித்தது, ரொம்பவே வலித்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

தமயந்தி அன்றே இணையத்தில் போட்ட வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. 'நிறவெறி' என்று ஒரு கூட்டம் கொதித்தது. 'அந்த மூஞ்சிக்கு ஒரு டியூப் பத்தாது' என்று இன்னொரு கூட்டம் சிரித்தது. 'கிழவிக்கு எதுக்கு இவ்வளவு ரோஷம்' என்றார் ஒருவர். தமயந்தி ஒருவரையும் விடவில்லை. தட்டில் தயிர்சோறு காய்ந்து போகும் வரை பதில் எழுதினார்.

மூன்றாம் நாள் கடை அறிவித்தது. அந்தப் பெண்ணை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களாம். 'நியாயம் ஜெயித்தது' என்று வாழ்த்துகள் குவிந்தன. ஏனோ தமயந்திக்கு அவற்றைப் படிக்கப் பிடிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் கோபப்பட்டது நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது?"

"வேலை செய்யாம குறை சொல்லிட்டீங்கக்கா."

"அந்த விதி ஆசிரமத்துக்குள்ளதானேம்மா?"

"ஆசிரமம் வாசலோட முடிஞ்சிருதா?"

பக்கத்து ஊரில் அதே மாதிரி கடை வைத்திருந்த ஒருவர் அம்மாவிடம் வந்து போகிறவர். அம்மா அவரிடம் சொல்லி வைத்தார். மறுநாள் காலை தமயந்தி அங்கே சீருடைச் சேலையில் நின்றார். மேற்பார்வையாளருக்கு இவர் யாரென்று தெரியாது.

"கறுப்பா யார் வந்தாலும் முதல்ல இந்த டியூப். சாயங்காலத்துக்குள்ள முப்பது போகணும். ஸ்டூல் இருக்கும், ஆனா உக்காரக் கூடாது" என்றார்.

மதியம் வரை தமயந்தி ஒரு டியூபையும் தொடவில்லை. மூன்று மணிக்கு முழங்கால் கெஞ்சியது. நாலு மணிக்கு மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார்.

"முப்பது போகலேன்னா, உங்ககூட நிக்கிற மூணு பிள்ளைகளுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது."

அந்த மூன்று பேரும் தமயந்தியைப் பார்த்தார்கள். அப்போது கறுத்த கல்லூரிப் பெண் ஒருத்தி சீப்பு கேட்டு வந்தாள்.

தமயந்தியின் கை நீண்டது. கையில் வெள்ளை டியூப் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடியதை இவர் நின்று பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தன் வீடியோவை மறுபடி போட்டார். நூறு தடவை பார்த்ததுதான். இப்போதுதான் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர். சேலையில் குத்தியிருந்த அட்டையில் அவள் பெயர், இசக்கியம்மாள்.

ஆசிரமம் வந்ததும் தமயந்தி அழுதார். "என் கையும் நீண்டுருச்சும்மா."

அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"வேலை செஞ்சாச்சு. இப்ப உங்க குறையைச் சொல்லலாம். யார் மேல?"

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குறை நேத்தைவிட அதிகமாத்தான் இருக்கும்மா. ஆனா இசக்கி மேல இல்ல. முதல்ல அவளைப் போய்ப் பாக்கணும். போயி என்ன பேசுறதுன்னுதான் தெரியல."

"பேச்சு போதும்க்கா. அவளைக் கூட்டிக்கிட்டு அவ முதலாளி முன்னாடி போங்க. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. நிக்கத்தான் இன்னைக்குக் கத்துக்கிட்டு வந்திருக்கீங்களே."