பக்கத்து வண்டி

கார்ப் பந்தயம் தொடங்கும் கோட்டருகே, தடுப்புச் சுவருக்குப் பின்னால் சிலர் நிற்பார்கள். சிவப்பு விளக்குகள் அணைவதற்கு முன் எந்த வண்டியாவது முன்னால் நகர்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை. நகர்ந்தால் ரேடியோவில் வண்டியின் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

கோவைக்கு வெளியே இருந்த ஒரு பந்தயத் தடத்தில் இவர்களுக்குத் தலைவி நவமணி. நவமணியிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தவர் குழந்தைவேலு. நவமணியைவிட மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். வார நாட்களில் விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இழப்பீடு மதிப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து நிற்பார்.

அன்று இரண்டு பந்தயங்கள். காலைப் பந்தயத்தில் விளக்குகள் அணையும் முன்பே குழந்தைவேலு ரேடியோவை அழுத்தினார்.

"இருபத்தேழு நகர்ந்துடுச்சு."

இருபத்தேழாம் எண் வண்டியை ஓட்டியவள் ஃபர்ஸானா. இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவளைப் பாதிப் பந்தயத்தில் உள்ளே அழைத்தார்கள். பத்து விநாடி நிறுத்தி வைத்துத் திரும்ப அனுப்பினார்கள். எட்டாவதாக வந்தாள்.

தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே கத்தினாள்.

"நான் நகரவே இல்ல!"

அடுத்த ஆண்டு தன் அணிக்கு ஓட்டுநர் தேடி வந்திருந்த கெங்குசாமி அங்கேதான் நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"வேகம் இருக்குது. ஆனா நகர்ந்துட்டு நகரலைங்குது பாருங்க. நாளைக்கு என் வண்டியில என்ன கோளாறுன்னு கேட்டா, இந்தப் புள்ள சொல்றதை எதை நம்பி நட்டைக் கழட்டறது?"

ஃபர்ஸானாவுக்கு அது கேட்டது. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

*

கொஞ்ச நேரம் கழித்து நவமணி, குழந்தைவேலுவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நின்றிருந்தன.

"இடது பக்கம் இருக்கற வண்டியைப் பாருங்கண்ணா. நகர்ந்தா சொல்லுங்க."

குழந்தைவேலு கண் இமைக்காமல் பார்த்தார்.

"நகர்ந்துடுச்சு!"

"எது?"

"நீங்க பாக்கச் சொன்னதுதாங்க மேடம். முன்னால வந்துச்சு."

நவமணி போய் இடது வண்டியின் முன்சக்கரத்தருகே குனிந்தார். சக்கரத்தை ஒட்டி ஒரு காகிதக் கோப்பை நின்றிருந்தது. நசுங்கவில்லை. சாயவும் இல்லை.

வலது வண்டியின் முன்பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்கள். அதை ஒரு சாண் பின்னால் தள்ளியிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பஸ் பின்வாங்கும்போது நம் பஸ் கிளம்பிவிட்டது என்று தோன்றுமே, அதே தடுமாற்றம்தான் குழந்தைவேலுவின் கண்ணுக்கும் நேர்ந்திருந்தது.

"காலையில இருபத்தேழுக்குப் பக்கத்துல நின்னது பதினொண்ணு," என்றார் நவமணி. "அதை ஓட்டுன பையன் இப்பத்தான் வந்து சொன்னான். கிளட்ச் பிடிக்காம பின்னால சறுக்கிட்டானாம்."

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தார். இருபத்தேழின் சக்கரம் நினைவில் இல்லை. அதன் கீழே இருந்த தரையும் நினைவில் இல்லை. அதன் மூக்கு பக்கத்து வண்டியைத் தாண்டி நீண்டது மட்டும்தான் இருந்தது.

நடுவர் என்பதற்கு அடையாளமாகக் கையில் கட்டியிருந்த மஞ்சள் பட்டையை அவிழ்த்தார்.

"தப்பா தண்டிச்சவனுக்கு என்னங்க தண்டனை?"

"அந்தப் புள்ளைக்கு என்ன குடுத்தோம்?"

"பத்து விநாடி நிறுத்தினோம்."

"வீட்டுக்கு அனுப்பலையா?"

"அதெப்படிங்க அனுப்பறது? நிறுத்திட்டு விட்டுட்டோம்."

"நின்னுட்டு இருக்கறப்ப யாராவது வண்டியில கைய வெச்சு எதையாச்சும் சரி பண்ணுனாங்களா?"

"கைய வெக்கக் கூடாதுங்களே."

"அப்ப நீங்களும் அந்தப் புள்ள முன்னால போய் நில்லுங்க. எதையும் சரிக்கட்டாம."

பட்டையை அவர் கையிலேயே திரும்பக் கட்டிவிட்டு நவமணி போய்விட்டார்.

*

ஃபர்ஸானாவின் கொட்டகையில் அவளுடைய அண்ணன் அஸ்லம் சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் வண்டிக்கு மெக்கானிக்கும் அவன்தான்.

"அடடே, நீதிபதி வந்துட்டாரு. டீ சாப்பிடறீங்களா சார்? டம்ளர் நகருதான்னு பாத்துட்டே குடிக்கலாம்."

குழந்தைவேலு ஃபர்ஸானாவின் முன் போய் நின்றார்.

"நான் தப்பா சொல்லிட்டேம்மா. உன் வண்டியை நான் சரியாப் பாக்கவே இல்ல."

பக்கத்து வண்டி சறுக்கியது, கண் ஏமாந்தது, யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்பது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நின்றார்.

"ரெண்டாவது இடத்தைக் கையோட கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள் அவள்.

"இல்லம்மா."

"மாத்தி எழுதுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

குழந்தைவேலு நின்றுகொண்டே இருந்தார். அஸ்லம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? நான் நகரலைன்னு எனக்குத் தெரியாதா? கெங்குசாமி சார்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றேம்மா."

"மத்தியானப் பந்தயத்துக்கு யாரு நிக்கறது?"

"நான்தான்."

"வெளங்கிரும்," என்றான் அஸ்லம்.

கெங்குசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பதினொண்ணு பின்னால சறுக்குச்சு. சரி. இருபத்தேழு முன்னால வரலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அதோட சக்கரத்தை நான் பாக்கலீங்களே," என்றார் குழந்தைவேலு.

"பாவம் பாக்கறீங்க," என்று அவர் தோளைத் தட்டினார் கெங்குசாமி. "எனக்கும் பொம்பளப் புள்ளை இருக்குதுங்க. புரியுது. விடுங்க."

*

மத்தியானப் பந்தயத்தில் குழந்தைவேலு வண்டிகளைப் பார்க்கவில்லை. சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்தார். தார் மேல் வெள்ளைக் கோடு. கோட்டுக்குப் பின்னால் ரப்பர்.

சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இரைச்சல் ஏறியது.

இருபத்தேழின் சக்கரம் முன்னால் உருண்டது. நான்கு விரல் அகலம் இருக்கும். சட்டென்று நின்றது.

விளக்குகள் அணைந்தன. எல்லா வண்டிகளும் பாய்ந்தன. பிரேக்கை மிதித்திருந்த ஃபர்ஸானா தடுமாறிக் கிளம்பினாள். இரண்டு வண்டிகள் அவளைத் தாண்டிப் போயின.

நவமணி அப்போது எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு வேறு வண்டிகள். அந்த நான்கு விரலைப் பார்த்தவர் குழந்தைவேலு ஒருவர்தான்.

நகர்ந்ததால் அவளுக்கு நஷ்டம்தானே தவிர ஒரு ஆதாயமும் இல்லை. காலையில் செய்யாத தப்புக்கு அவள் ஏற்கெனவே பத்து விநாடி நின்றாகிவிட்டது. குழந்தைவேலுவின் விரல் ரேடியோவின் மேலேயே நின்றது. வண்டிகள் முதல் வளைவுக்குள் போய் மறைந்தன.

அவர் அழுத்தினார்.

"இருபத்தேழு."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது.

"அதே வண்டியா? நல்லாப் பாத்தீங்களா?"

"தரையைப் பாத்தேன். இருபத்தேழு."

தண்டனை அறிவிக்கும் பலகையில் எண் வந்ததும் அஸ்லம் சுவரோரமாக ஓடி வந்தான்.

"யோவ், பெரிய மனுசா! அந்தப் புள்ளை மேல உனக்கு அப்படி என்னய்யா கோவம்? காலையில வந்து நின்னியே, அது என்ன நாடகமா?"

குழந்தைவேலு திரும்பவில்லை.

ஃபர்ஸானா உள்ளே வந்தாள். பத்து விநாடி. எந்திரம் உறுமிக்கொண்டிருக்க, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். விட்டதும் போனாள். கடைசி ஆளாகத் தடத்துக்குத் திரும்பியவள் ஒவ்வொருவராகப் பிடித்து ஆறாவதாக வந்தாள்.

*

வண்டியிலிருந்து அவள் இறங்கும்போது கெங்குசாமி எதிரே நின்றிருந்தார். குழந்தைவேலு சுவரை ஒட்டி, பேசுவது கேட்கும் தூரத்தில் இருந்தார்.

"மறுபடியும் நகர்ந்தியாமா?"

"சார், அந்த ஆளு வேணும்னே—" என்று அஸ்லம் முன்னால் வந்தான்.

"நீ சும்மா இருண்ணா," என்றாள் ஃபர்ஸானா. "ஆமாங்க சார். காலையில ஆனது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. கிளட்ச்சைக் கொஞ்சம் முன்னாலயே விட்டுட்டேன். நாலு விரல் நகர்ந்திருப்பேன்."

"வேற யாருமே பாக்கலையாமே."

"அவரு பாத்துட்டாருங்களே."

அஸ்லம் வாயை மூடிக்கொண்டான். கெங்குசாமி சுவரோரம் நின்ற குழந்தைவேலுவைப் பார்த்தார். முன்பு அவர் தோளைத் தட்டிய கையால் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்ப, காலையில?"

"காலையில நகரலைங்க சார்."

இந்த முறை அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வா. சீட்டு உன் அளவுக்குச் சரியா வருதான்னு பாக்கணும்."

அவர் போன பிறகும் ஃபர்ஸானா அதே இடத்தில் நின்றாள். அஸ்லம் அவள் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

*

கூட்டம் கலைந்தது. நவமணி கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"மேடம், அந்த நாலு விரலைப் பாத்தப்ப, சொல்லாம விட்டுடலாம்னுதான் நெனச்சேன்."

"தெரியும். உங்க ரேடியோ தாமதமாத்தான் வந்துச்சு."

"காலையில நான் பண்ணுனதுக்கு அது சரியாப் போயிருக்கும்னு தோணுச்சு. இப்பவும் கொஞ்சம் அப்படித்தான் இருக்குது. விட்டிருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?"

நவமணி கொடியைச் சுருட்டி முடித்தார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமேண்ணா. அதுக்கப்புறம், காலையில நான் நகரலைன்னு அவ எந்த வாயால சொல்லுவா?"

குழந்தைவேலு அடுத்த கொடியின் முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.