பேரு கெடக்கு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் பொய்யும் இருந்தது.

கண்மாய்க் கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம். காக்கை, புறா, மாங்குயில், இரட்டைவால் கரிச்சான் என்று பல கூட்டம் அதில் குடியிருந்தது. அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்துப்போனால் மரத்தடிப் பாறையில் படையல் வைப்பார்கள். முதல் வாய் காக்கைக்கு. தின்று முடித்ததும் காக்கை உச்சிக் கிளையில் ஏறி, செத்தவரின் பெயரையும் அவர் செய்த நல்லதையும் ஊர் கேட்கச் சொல்லும். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த கிளை அவர் பெயரால் வழங்கும். குஞ்சுகள் சிறகு முளைக்கும்போதே "இது இன்னார் கிளை" என்று கேட்டுக்கொண்டே வளரும். காக்கை சொல்லாமல் விட்ட பெயர் அதோடு போச்சு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். அவள் பெயரை அவன் நாள் முழுக்க ஏலம் போடலாம், அதில் யார் ஆயுசும் குறையாதாம். நல்ல நியாயம்!

இருளாயி என்ற கரிச்சான் அந்த நியாயத்தை மீறாதவள். புருஷனை "இந்தாங்க" என்பாள், அதிகம் போனால் "உங்களைத்தான்" என்பாள். மரத்தில் மற்றவர்களும் அவரைக் கரிச்சான் மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள் பருந்து வந்தது. மாங்குயில் கூட்டிலிருந்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போனது. மறுபடியும் வந்து மரத்துக்கு மேலே வட்டம் போட்டது. காக்கைக் கூட்டம் இலைக்குள் தலையைச் செருகிக்கொண்டது. பெயர் சொல்லும் பெரிய காக்கை வீரணன்தான் எல்லோரையும்விட உள்ளே தள்ளிப் பதுங்கியிருந்தான். கரிச்சான் மாமா சிறகை உதறினார்.

"எங்க கிளம்புறீங்க? நம்ம கூட்டுப் பக்கம் அது வரல. ஊருக்காக நீங்க ஏன் சாகணும்? நாளைக்கு உங்க பேரை எவன் சொல்லப்போறான்?" என்று இருளாயி மறித்தாள்.

"பேரு கெடக்கு புள்ள. குஞ்சுக பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பறந்தார்.

பருந்தின் முதுகில் போய் உட்கார்ந்தார். அதன் பிடரியிலேயே கொத்தினார். அது புரண்டது, உதறியது, கண்மாய்க்கு மேலே தாறுமாறாகச் சுற்றியது. கடைசியில் ஒரு நகம் அவர் நெஞ்சில் ஏறிவிட்டது. ஆனாலும் அவர் கீழே விழும்போது பருந்தின் ஒரு கண் போயிருந்தது. அது அந்தப் பக்கமே திரும்பாமல் ஓடிப்போனது.

அதே நாளில் வீரணனின் தாய்மாமன் சடையனும் செத்தான். சண்டையில் இல்லை. எங்கேயோ கல்யாண வீட்டு எச்சில் இலையில் எலும்பை விழுங்கி, விக்கிச் செத்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படையல் என்று முடிவானது.

இருளாயி சிறகு ஓயும் மட்டும் அலைந்து ஈசல் பிடித்துவந்து பாறையில் குவித்தாள். அவளுடைய மூன்று குஞ்சுகளும் கூட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டு பார்த்தன. அப்பன் பெயரை அவை இன்னும் காதால் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கட்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

வீரணன் ஈசலை வழித்துத் தின்றுகொண்டே, "உன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றான்.

செத்தவருக்கு ஆயுசு எங்கே குறையப்போகிறது? ஆனாலும் பழகாத நாக்கு எழவில்லை. "விடியறதுக்கு முந்தி கிழக்க ஒண்ணு மொளைக்குமே, பளிச்சுன்னு... அந்தப் பேருதாங்க" என்றாள்.

"புரியுது, புரியுது" என்று அலகைத் துடைத்துக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போனான்.

"எல்லாரும் கேளுங்க! பருந்தோட மல்லுக்கட்டி, அது கண்ணைப் பிடுங்கி, இந்த மரத்தைக் காப்பாத்தி உயிரை விட்டவர் எங்க மாமா சடையன்! இனிமே தெற்குக் கிளை சடையன் கிளை! கரிச்சான் ஒண்ணும் செத்துப்போச்சு. பாவம்."

தெற்குக் கிளையில்தான் இருளாயியின் கூடு இருந்தது.

இருளாயி புறாவைப் பார்த்தாள். புறா கால் விரலைப் பார்த்துக்கொண்டது. மாங்குயிலைப் பார்த்தாள். மீதிக் குஞ்சுகள் உயிரோடு இருக்கும் மாங்குயில், இலை மறைவுக்கு நகர்ந்துகொண்டது.

"ஏன்க்கா, நீ பாத்தேல்ல? சொல்லேன்!" என்று இருளாயி புறாவிடம் கத்தினாள்.

"விடு இருளாயி. காக்கையப் பகைச்சுக்கிட்டு இந்த மரத்துல இருக்க முடியுமா? செத்தவருக்குக் காதா கேக்கப்போகுது? எந்தப் பேரைச் சொன்னா என்ன?"

"அவருக்குக் கேக்காதுக்கா, எனக்குத் தெரியும். எம்புள்ளைகளுக்குக் கேக்குதே! அப்பன் உசுரக் குடுத்த கிளையில உக்காந்துக்கிட்டு, எலும்பு விக்கிச் செத்தவன் பேரச் சொல்லிக் கும்பிடச் சொல்றியா?"

கோபம் காக்கையோடு நிற்கவில்லை. செத்தவர் மேலேயும் பாய்ந்தது. 'பேரு கெடக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. கெடந்தா பொறுக்கிட்டுப் போக ஆளா இல்ல?' தன் மேலேயும் வந்தது. இத்தனை வருஷம் வாயில் பூட்டுப் போட்டு, அவர் பெயரைத் தானே ஒளித்துவைத்துத் திருடனிடம் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"வெள்ளி!" என்று கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவை. "எங்க வீட்டுக்காரர் பேரு வெள்ளி! பருந்த விரட்டுனது வெள்ளி!"

வீரணன் கண் காட்டினான். அடுத்த நொடி மரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒன்றாகக் கரைந்தன. அந்த இரைச்சலில் பெயர் மூழ்கிப்போனது. அவள் திரும்பத் திரும்பக் கத்தினாள். அவை திரும்பத் திரும்பக் கரைந்தன. தெற்குக் கிளையில் குஞ்சுகள் ஒன்றும் கேட்காமல் விழித்தன.

இருளாயி அம்பு போல மேலே ஏறி, வீரணன் உச்சந்தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள். அவன் பறந்தான். பிடரியில் கொத்தினாள், வெள்ளி பருந்தைக் கொத்திய அதே இடத்தில். அவளைப் போல மூன்று மடங்கு இருக்கும் காக்கை, கண்மாயைத் தாண்டியும் அலறிக்கொண்டு ஓடியது. கரைந்த கூட்டமும் பின்னாலேயே ஓடியது. இவளை விட்டால் பருந்துக்குக் காவல் இல்லாமல் போய்விடுமே என்று புறாவும் மாங்குயிலும் மறுநாளே அவள் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூடு கட்டிக்கொண்டன. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அவற்றை விரட்டவில்லை. "குஞ்சுக பொழைக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே.

ஆனால் பெயரை அவள் விடவில்லை. இருட்டியதும் மரத்தில் அடையத் திரும்பிய காக்கைகள் தூங்கும் நேரம் எது என்று பார்த்தாள். மறுநாள் இருட்டு கலையும் முன்னே, கிழக்கே அந்த ஒற்றை வெளிச்சம் முளைத்ததும் குஞ்சுகளை எழுப்பி உட்காரவைத்து, தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தாள். எதிர்த்துக் கரைய அப்போது எவனும் விழித்திருக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்கள் குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தன.

பிறகு பறவைப் பேச்சு நமக்குப் புரியாமல் போய்விட்டது. "கரிச்சான் கத்திருச்சு, விடியப்போகுது" என்று சொல்லிக்கொண்டு நாம் மாட்டை அவிழ்க்கப் போகிறோம். நமக்கென்ன, நாமும் புறா ஜாதிதான்.

அன்று முதல்தான், காக்கையைக் கண்ட இடத்திலெல்லாம் கரிச்சான் தலையில் கொத்தி விரட்டுகிறது. காக்கை கண் விழிக்கும் முன்னே எழுந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தப் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறது.