தாணுமாலயன் கடை வூஃபர்

நாகர்கோவில் மெல்லிசைக் குழுவில் ஒலிபெருக்கிப் பெட்டி சுமக்கும் திருவாளர் மரியநேசன் அவர்கள், வயது முப்பத்தொன்று, பேஸ் கிட்டார் பெட்டிக்குள் கனத்த ஒலி எழுப்பும் பழைய வூஃபர் ஒன்று வாங்கப் பழைய சாமான் கடைக்கு வந்தார். அது கரகரத்தால் அவர் வேலை போய்விடும் என்பது குழுத்தலைவரின் எச்சரிக்கை.

கடைக்காரர் தாணுமாலயன் மூன்று வூஃபர்களை எடுத்து முன்னால் வைத்து மீசையை நீவினார். "கரண்ட் குடுத்துக் காட்டுற வழக்கம் இங்க கெடையாது. என் வாக்குதாம்லே கியாரண்டி. மூணும் புதுசு மாதிரி. ஒண்ணை எடு!"

மரியநேசன் மூன்றின் காகிதக் கூம்பையும் விரலால் மெல்ல அழுத்தினார். மூன்றும் உள்ளே உரசிக் கரகரத்தன. அவற்றுள் மிக மோசமானதை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது போதும் அண்ணாச்சி. வார ஞாயித்துக்கிழமை ஒங்க மவ கல்யாணத்துல எங்க கச்சேரிதானே? சம்பந்தி வீட்டாரு காதுக்கு நேரா வைக்கேன்."

"கீழ வைலே!" தாணுமாலயன் உள்ளறைக்கு ஓடி, துணி சுற்றிப் பதுக்கியிருந்த நல்ல வூஃபரைக் கொணர்ந்து, எவரும் கேளாமலே கரண்ட் கொடுத்து முழங்கவிட்டார்.

இவ்விவகாரம் தீர்ந்தது வெகுதானிய ஆண்டு, வைகாசி இருபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.