வயிற்றுக்குள் கடல் இரைந்த குதிரை

கடலோர மணல்காட்டில் சிலம்பன் என்று ஒரு குதிரை இருந்தது. புல்லைக் கண்டால் அதற்குப் பொறுமையே இருக்காது. மற்றவர்கள் வாய் வைப்பதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். வேரோடு பிடுங்கி மணலோடு விழுங்கும்.

பூவாத்தாள் என்ற கழுதையும் அங்கேதான் மேய்ந்தது. முதலில் ஓடைக்கரையில் நீளப் புல்லை அரை வயிறு தின்னும். வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கும். பிறகுதான் மணல்மேட்டுக்கு வரும்.

"தம்பி, மண்ணும் சேர்ந்து உள்ளே போகுது. பார்த்துத் தின்னு" என்றது கழுதை.

"நுனிப்புல் மேயறவங்க எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்க்கா" என்றது சிலம்பன்.

கோடை வந்தது. புல் கட்டையாகிவிட்டது. சிலம்பன் அதையும் விடாமல் தரையோடு கரண்டித் தின்றது. வயிறு உப்பியது. நடந்தால் உள்ளே 'ஸ்ஸோ... ஸ்ஸோ...' என்று அலைச்சத்தம். அவ்வப்போது சுருக்கென்று வலி வேறு. சிலம்பன் பயந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஒரு நரி வந்தது. குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டது. அதன் வாயில் எச்சில் ஊறியது.

"அண்ணே! உங்க வயித்துக்குள்ள கடலே வந்து குடியிருக்கு. இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!"

சிலம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ இந்த வலி?"

"கடல்னா அலை அடிக்காதா? இனிமே தண்ணி குடிக்காதீங்க. கடலையே வச்சிருக்கிறவர் ஓடையில வாய் வைக்கலாமா? நடக்கவும் வேணாம். அலுங்காம படுத்திருங்க. நான் பக்கத்திலேயே காவல் இருக்கேன்."

இதைப் போய் யாராவது நம்புவார்களா? அந்த மடக்குதிரை நம்பிப் படுத்துவிட்டது.

இரண்டு நாளில் நாக்கு வறண்டது. வலி தாங்காமல் மணலில் புரண்டது. "எப்படிண்ணே இருக்கு? இன்னும் மூச்சு வருதா?" என்று நரி அடிக்கடி அக்கறையாக விசாரித்தது.

மூன்றாம் நாள் பூவாத்தாள் வந்தது. சிலம்பன் போட்டிருந்த சாணத்தைப் பக்கத்துப் பாறைக்குழியில் தேங்கிய தெளிந்த தண்ணீரில் தள்ளிக் குளம்பால் கலக்கியது. சாணம் கரைந்தது. அடியில் மணல் தங்கியது.

"நல்லாப் பாரு தம்பி. உன் வயித்துல இருக்கிறது கடல் இல்ல, கடற்கரை."

சிலம்பன் தலையைத் தூக்கி மணலைப் பார்த்தது. "நான் செத்துப்போயிடுவேனாக்கா?"

"படுத்தே கிடந்தா போயிடுவே. எழுந்திரு."

"தெய்வீக உடம்பு, தொடாதீங்க" என்று நரி குறுக்கே வந்தது. கழுதை பின்னங்காலைத் தூக்கியது. நரி ஒதுங்கிக்கொண்டது.

பூவாத்தாள் குதிரையின் காதைக் கடித்து எழுப்பி ஓடைக்கு நடத்தியது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நீளப் புல், கொஞ்சம் நடை. மறுபடியும் தண்ணீர். ஒரு வாரம் இதே வேலைதான். வழியெல்லாம் சிலம்பன் முனகியது. கழுதை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நரிக்கும் ஆசை விடவில்லை. இன்றைக்கு விழும், நாளைக்கு விழும் என்று குதிரையின் வாலுக்குப் பின்னாலேயே அலைந்தது.

ஏழாம் நாள் காலையில் சிலம்பன் வாலைத் தூக்கியது. உள்ளே இருந்த மணல் முக்கால்வாசியும் ஒரேயடியாக வெளியே வந்தது. நரி விலகக்கூட நேரமில்லை. அது கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பூவாத்தாள் வயிறு வலிக்கச் சிரித்தது. சிலம்பனும் சிரித்தது. அதற்கு வயிறு வலிக்கவில்லை.

உடம்பு வலிக்கும்போது அதைக் கவனிக்காமல் புகழ்ச்சிக்குக் காது கொடுப்பவன் தன் உயிரோடுதான் விளையாடுகிறான்.