மக்க மறுத்த பை

"மேடம், நாளைக்கு ஃபேக்டரியைத் திறந்துடப் போறேன்," என்றார் அருளப்பன்.

பழைய பாலித்தீன் பை ஃபேக்டரி அது. ஊரெல்லாம் தன் பையாகவே கிடக்கிறதே என்று மனம் வெறுத்து இழுத்து மூடிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர். ஆசிரியர் நபீசாவுக்கு அவருடைய தங்கை வயதுதான் இருக்கும்.

"ஏன் சார்?"

"மரபணு மாத்தின பாக்டீரியா, கரும்பாலைக் கழிவைத் தின்னு, உடம்புல கொழுப்பு மாதிரி பிளாஸ்டிக்கைச் சேத்து வெச்சுது. அதை எடுத்துப் பையும் செஞ்சோம். மண்ணுல மக்கிடும்னு சொன்னீங்க. மூணு மாசமாச்சு, போட்ட மாதிரியே இருக்கு. இதுக்கு என் பழைய பையே தேவலை."

அழாத குறை.

"அந்த மண்ணைக் கொண்டு வாங்க."

கண்ணாடி ஜாடியில் கொண்டு வந்தார். சலித்து, பெரிய குக்கர் போன்ற கருவியில் நீராவியில் வேகவைத்த மண்; ஜாடியின் வாயிலும் பஞ்சடைத்திருந்தார்.

"ஒரு கிருமி கிடையாது மேடம். உள்ள இருக்கறது வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கறது உள்ள வரக் கூடாதுன்னு மொத நாளே நீங்கதானே சொன்னீங்க."

சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நபீசா மேசையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை நீட்டினார்.

"இதையும் அதே மண்ணுல புதைங்க. மக்கினதும் வந்து சொல்லுங்க. அப்புறம் ஃபேக்டரியைத் திறந்துக்கலாம்."

வாழைப்பழத்தோல்தானே, ஒரு வாரம் பொறுத்தால் போச்சு என்று நினைத்துக்கொண்டார் அருளப்பன். புதைப்பதற்கு முன் அதையும் வேகவைத்தார். கை அப்படிப் பழகிவிட்டது.

ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று.

மாதக் கடைசியில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், தோலு கறுத்திருக்கு, ஆனா அழுகவே இல்ல! நீங்க குடுத்தது வாழைப்பழம்தானா?"

"உங்க வீட்டுக் குப்பைக் கூடையில போட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு நாள்ல பூசணம் புடிச்சு நாறிடும்."

"பூசணத்துக்கு அங்க என்ன வேலை?"

"திங்கத்தான் வருது."

"சரி. இந்த ஜாடியில திங்க யாரு இருக்கா?"

அருளப்பன் ஜாடியைப் பார்த்தார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லாரையும் நாந்தான் அவிச்சுக் கொன்னுட்டேன், மேடம்."