கொழுந்துராயரின் கடாட்ச உரிமை

பூதிமங்கலம் என்றொரு தேசம். வாளைவிட மிளகை நம்பிப் பிழைத்த தேசம். அதை ஆண்ட கொழுந்துராயருக்குக் கிரீடமும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. அதெப்படி இரண்டும் ஒரே காலத்தில் என்று கேட்பவர்கள் தயவுசெய்து வேறு கதைக்குப் போகலாம்.

அரண்மனையில் ஒவ்வொரு இலாகாவும் தன் கோப்புகளைத் தன் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்திருந்தது. மிளகு எத்தனை மூட்டை என்று கேட்டால் கிடங்கு ஒன்று சொல்லும், துறைமுகம் ஒன்று சொல்லும். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட வந்தவர் அரசவை ஆலோசகர் குழைக்காதர். குளிரூட்டிய அறையில் நாலு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி ஒன்றை வைத்தார். எல்லா இலாகாவுக்கும் கேபிள் இழுத்தார். யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும், கோப்பு இனி அந்த ஒரே பெட்டியில்தான். பார்க்க, எழுத, அழிக்க என்று மூன்று உரிமைகளை ஆளுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுக்க நினைத்தார்.

நடக்குமா? "அவருக்கு அழிக்கற உரிமை, எனக்குப் பார்க்க மட்டுமா?" என்று சபையே கொதித்தது. யானைக் கொட்டில் அதிகாரி சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். எல்லாரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டவர் ராணியின் தம்பி சிங்கணர். தன் சேவல் சண்டை வீடியோக்களைப் பெட்டியில் போட விடவில்லை என்று குழைக்காதர்மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. ராயர் சலித்துப்போய், எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சில நாளில் மிளகு ஒப்பந்தங்கள் இருந்த ஃபோல்டர் மாயமாய் மறைந்தது. நல்லவேளை, மலைக்கோட்டையில் இன்னொரு பெட்டியை வைத்துத் தினமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார் குழைக்காதர். அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டார். யாருடைய கம்ப்யூட்டரிலிருந்து அழிந்தது என்பதும் பெட்டியில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் அவசர அவசரமாகத் திரையை அணைத்தார்.

"யாருய்யா அழிச்சது?" என்று ராயர் கர்ஜித்தார்.

"அது இப்ப எதுக்கு மகாராஜா? இனிமே அழியாம பாத்துக்கணும். அழிக்கற உரிமையைக் கொஞ்சம் குறைச்சா..."

"குறைக்கறதா? என் மைத்துனன் உரிமையில கை வச்சா ராணி என்கிட்ட பேச மாட்டா. யார் உரிமையையும் நீர் பறிக்கக் கூடாது. ஆனா இன்னொரு கோப்பு அழிஞ்சுதுன்னா, குடும்பத்தோட நாட்டை விட்டுப் போயிடணும்!"

சிங்கணர் அருகில் வந்து, "வண்டிக்குச் சொல்லி வைக்கட்டுமா ஆலோசகரே?" என்றார். முகமெல்லாம் பல்.

குழைக்காதருக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. சிங்கணர் ஒரே ஒரு ஃபோல்டரைத் தட்டிவிட்டால் போதும், பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். என்ன செய்வது என்று தெரியாமல் ராயரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவன் ராயருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான். இன்னொருவன் விசிறினான். மூன்றாமவன் செருப்பை எடுத்து வைத்தான். பார்க்கப் பார்க்கக் குழைக்காதரின் முகம் தெளிந்தது.

மறுநாள் சபை கூடியதும் தடாலென்று காலில் விழுந்தார்.

"மகாராஜா, பெரிய தப்பு பண்ணிட்டேன். தாங்கள் ஏன் வெத்தலையைத் தாங்களே மடிச்சுக்கறதில்லை?"

"என்னய்யா கேள்வி இது? நான் ராஜா!"

"அப்பேர்ப்பட்டவங்க கையில எழுதற வேலையும் அழிக்கற வேலையும் கொடுத்துட்டேனே! அதெல்லாம் குமாஸ்தா வேலை இல்லையா? பெரியவங்க பார்த்தாலே போதும். அதுக்குப் பேர் கடாட்சம்."

"கடாட்சம்..." ராயர் அந்த வார்த்தையை வெற்றிலையோடு சேர்த்து மென்று பார்த்தார். ருசித்தது. "அப்ப எனக்குக் கடாட்சம் மட்டும் போதும்."

"நான் எப்படி எடுக்கறது மகாராஜா? பறிக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

"நீர் எங்கய்யா பறிக்கறீர்? நானே தர்றேன்!"

ராயரின் கம்ப்யூட்டருக்குப் பூமாலை போட்டார்கள், மேளம் கொட்டினார்கள். சேனாபதி சும்மா இருப்பாரா? எனக்கும் கடாட்சம் என்றார். யானைக் கொட்டில் அதிகாரி வரிசையில் முந்தப் பார்த்தார். மத்தியானத்துக்குள் சிங்கணர் ஒருவர்தான் பாக்கி.

"எனக்கு எல்லாமே இருக்கட்டும்," என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டே.

"ரொம்ப சந்தோஷம்!" என்றார் குழைக்காதர். "எழுத, அழிக்க இனிமே நீங்களும் குமாஸ்தாக்களும்தான். அவங்க பக்கத்துலயே ஒரு முக்காலி போட்டுடறேன். விடிஞ்சதும் வந்துடுங்க. டிஸ்க் சூடாகுதான்னு பாக்கணும், நகல் ஒழுங்கா போச்சான்னு பாக்கணும், பெட்டிக்குத் தூசி தட்டணும்..."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிங்கணரின் காது சிவந்தது.

"ராணியோட தம்பி முக்காலியிலயா? எனக்கும் கடாட்சம்தான்!"

"ஐயோ, உங்க உரிமையில நான் கை வைக்கலாமா?"

"நீர் யாருய்யா வைக்க? நானே தர்றேன். இந்தாரும்!"

அன்று சாயங்காலம் ராயர் குழைக்காதரைத் தனியே அழைத்தார். "ஒருத்தர் உரிமையையும் பறிக்காமலே காரியத்தை முடிச்சுட்டீரே! சரி, இப்பவாவது சொல்லும். மிளகை அழிச்சது சிங்கணன்தானே?"

"இல்லை மகாராஜா."

"சேனாபதியா?"

"இல்லை."

"அப்ப அந்த ஆள் இன்னும் உரிமையைக் கையில வச்சிக்கிட்டுச் சுத்தறானா?"

"இல்லவே இல்லை மகாராஜா. அவர் பெருந்தன்மைக்காரர். முதல் ஆளா அவர்தான் திருப்பிக் கொடுத்தார்."

முதல் ஆள் யார் என்று ராயர் யோசித்தார். புருவம் மெல்ல உயர்ந்தது. பிறகு கிரீடம் நழுவி விழும்படி சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டுவிட்டு, அவர் காதோரம் குனிந்தார்.

"நிச்சயமா அழிக்கணுமான்னு கம்ப்யூட்டர் கேட்டுதுய்யா. ராஜாவைப் பாத்து நிச்சயமான்னு கேட்டா, ஆமான்னுதானே சொல்ல முடியும்!"