குக்கருக்குள் குதித்த புளி

அந்தக் காலத்தில் அடுப்படியில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. அந்தக் காலம் என்றதும் ராஜா, மந்திரி என்று யோசிக்க வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் குக்கர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அவ்வளவு பழைய காலம்தான். அரிசி பேசும், பருப்பு பேசும், உப்பு எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லும், கடுகு காரணமே இல்லாமல் படபடவென்று பொரியும். மனிதர்களுக்கும் அதெல்லாம் கேட்கும். காலை அவசரத்தில் யார் காது கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஊரில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விடிந்து கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் வேன் வந்து நின்றுவிடும். அதற்குள் சோறும் குழம்பும் முடித்து, தனக்கும் புருஷன் சுடலைமுத்துவுக்கும் தூக்குவாளியில் அடைத்தாக வேண்டும். சோறு அவள் பேச்சைக் கேட்கும். பருப்புதான் கேட்காது. ஊர்த் தண்ணீர் அப்படிப்பட்ட உப்புத் தண்ணீர். அடுப்பு எவ்வளவு விறகு தின்றாலும் பருப்பு விறைத்துக்கொண்டே கிடக்கும்.

“இன்னும் கொஞ்ச நேரம் தாயி” என்று பானைக்குள்ளிருந்து பருப்பு கெஞ்சும்.

“நேத்தும் இதத்தான சொன்ன? வேன்காரன் என்ன உனக்கு மாமனா மச்சானா, நின்னு கூட்டிட்டுப் போறதுக்கு?” என்பாள் செண்பகவல்லி.

பாதி நாள் அரைவேக்காட்டுப் பருப்பைத்தான் அவர்கள் தின்றார்கள். மீதி நாள் அவள் வேனைத் தவறவிட்டுவிட்டு, வெயிலில் நடந்தே போனாள். இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் சுடலைமுத்து ஒரு அலுமினியக் குக்கரை வாங்கிக்கொண்டு வந்தார்.

குக்கர் வந்த நாளிலிருந்து அடுப்படியின் முகமே மாறிப்போனது. அது நல்ல கலகலப்பான பேர்வழி. கொஞ்சம் பீற்றிக்கொள்ளும், ஆனால் வேலையில் சுத்தம். “அடியில தண்ணிய ஊத்து, பருப்புப் பாத்திரத்த வை, அதுக்கு மேல அரிசிய வை, மூடி வெயிட்டப் போடு. மத்தத எங்கிட்ட விடு” என்று சொல்லும். சொன்னபடி நாலைந்து விசில் கொடுத்து அடங்கும். திறந்து பார்த்தால் பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருக்கும். செண்பகவல்லிக்கு வேன் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க நேரம் கிடைத்தது. கல்யாணமாகி வந்த பிறகு அவள் காலையில் உட்கார்ந்து டீ குடித்தது அப்போதுதான். அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாருக்கும் சந்தோஷம், ஒருத்தியைத் தவிர. அவள்தான் புளியக்கா.

புளியக்காவுக்கு நாக்கு நீளம். “அரிசி உள்ள போகுது, பருப்பு உள்ள போகுது, உருளைக்கிழங்கு கூடத் தோலோட உள்ள போகுது. நான் மட்டும் வெளிய கிண்ணத்துல ஊறிக் கெடக்கணும். நான் என்ன தீண்டத்தகாதவளா?” என்று தினமும் புலம்புவாள். குக்கர் சிரித்து மழுப்பிவிடும்.

ஒருநாள் செண்பகவல்லிக்குக் காய்ச்சல். சமையல் சுடலைமுத்து கைக்கு வந்தது. அவருக்கு ஒரு யோசனை. பருப்பை வேகவைத்து, அப்புறம் புளியைக் கரைத்து ஊற்றி, மறுபடியும் கொதிக்கவிட்டு... எதற்கு இரண்டு வேலை? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் குழம்பே வந்துவிடுமே! புளியக்காவுக்குக் கேட்க வேண்டுமா? கரைசலாகி, ஆசையோடு பருப்புப் பாத்திரத்துக்குள் இறங்கினாள்.

குக்கர் விசில் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. திறந்தால் பருப்பு போட்டது போட்டபடி கிடந்தது. கரண்டியால் நசுக்கினால் தெறித்து ஓடியது.

“குக்கர் சரியில்ல செம்பகம்” என்றார் சுடலைமுத்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பருப்புக்கு வந்ததே கோபம்! “இவ பக்கத்துல இருந்தா எனக்கு உடம்பே இறுகிப் போகுது. இனிமே நான் வேகுற பாத்திரத்துல இவ காலடி வச்சா, விறகுக்கட காலியானாலும் நான் வேக மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிட்டது. புளியக்கா பழையபடி வெளியே கிண்ணத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

இதற்கிடையில் குக்கருக்கு ஒரு சீக்கு வந்தது. தினமும் அந்த உப்புத் தண்ணீரையே அடியில் வைத்துக் கொதித்ததில் உள்பக்கமெல்லாம் கறுக்கத் தொடங்கியது. முதலில் அடியில் ஒரு வட்டம். பிறகு தண்ணீர் நிற்கும் உயரம் வரைக்கும் கறுப்பு. செண்பகவல்லி சாம்பல் போட்டுத் தேய்த்தாள், செங்கல்பொடி போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நார் தேய்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏளா, இந்தக் கறுப்பு வயித்துக்குள்ள போனா குடல் என்னத்துக்கு ஆகும்? மொதல்ல இதத் தொலைச்சுத் தல முழுகு” என்றாள்.

செண்பகவல்லி இரண்டு நாள் யோசித்தாள். டீ குடிக்கிற நேரத்தை நினைத்தாள், சுடலைமுத்துவின் வயிற்றை நினைத்தாள். வயிறுதான் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை பேரீச்சம்பழக்காரர் தெருவுக்கு வருவார். ஈயம், பித்தளை, அலுமினியம் எது போட்டாலும் ஒரு கை பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிக்கொண்டு போய் உருக்கப் போட்டுவிடுவார். அவரிடம் குக்கரைப் போட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியே இழவு வீடாகக் கிடந்தது. குக்கர் முதல்தடவையாக அழுதது. “உருக்குனாலும் பரவால்ல. ஒழுங்கா வேல பாத்தும் இப்படிப் போறேனே” என்றது. பருப்பு மறுபடியும் விறகடுப்பையும் பானையையும் நினைத்து நடுங்கியது. செண்பகவல்லியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான், கடைசித் தடவையாகக் குக்கரில் தண்ணீர் ஊற்றி, பருப்பையும் அரிசியையும் உள்ளே வைத்தாள். அதற்கு முன்பே புளியைக் கரைத்துப் பிழிந்து, சக்கையைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்திருந்தாள்.

அந்தச் சக்கை கொல்லையில் இருந்த முருங்கை மரத்தடிக்குப் போக வேண்டியது. புளிக்கு அதுதான் ஓய்வு. உடம்பில் இருந்த புளிப்பையெல்லாம் குழம்புக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி நிழலில் சாய்ந்து கிடக்கலாம், கேட்க ஆள் கிடையாது.

“ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழ...ம்!” என்று தெருவில் குரல் கேட்டது.

“ஒரு நிமிசம் நில்லுங்கண்ணே, சோறு வெந்ததும் தாரேன்” என்று சொல்ல வாசலுக்கு ஓடினாள் செண்பகவல்லி. குக்கர் திறந்தே இருந்தது.

புளிச்சக்கை குக்கரின் கறுத்த வயிற்றைப் பார்த்தது. சாமி அறையில் இருக்கிற பித்தளை விளக்கு எத்தனை தடவை கறுத்தது, ஒவ்வொரு தடவையும் அதைத் தேய்த்துப் பொன்னாக்கியது யார் என்று நினைத்துப் பார்த்தது. விளக்குக்கு ஆனது இதற்கு ஆகாமலா போகும்? ஆனால் பருப்பின் மேல் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பருப்பு வேகாது. இன்றைக்கும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கருக்குப் பரிந்து பேசக்கூட ஆளிருக்காது. பிழைத்தால் எல்லாரும் பிழைப்பார்கள், கெட்டால் பழி முழுவதும் தன் தலையில்தான் விழும். இதெல்லாம் புளியக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், கிண்ணத்து ஓரத்திலிருந்து எம்பி, பாத்திரத்துக்கும் குக்கருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அடித்தண்ணீரில் குதித்தாள்.

செண்பகவல்லி திரும்பி வந்து மூடியைப் போட்டாள். உள்ளே இருட்டு. தண்ணீர் சுட ஆரம்பித்தது.

“யாரது அடியில?” என்றது பருப்பு.

“நான்தான்.”

“அடிப்பாவி, பழிவாங்க வந்துட்டியா? இன்னைக்கு நான் வேகலன்னா குக்கர் செத்துச்சு!”

“வாய மூடிட்டு வேகு. உம்மேல ஒரு சொட்டு படாது. அதுக்கு நானாச்சு.”

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. புளியக்கா மேலே எழும்பாமல் குக்கரின் அடியோடு அடியாக ஒட்டிக்கொண்டாள். அனல் அங்கேதான் அதிகம். மிச்சம் மீதி இருந்த புளிப்பையும் கறுப்பின் மேல் விட்டுக்கொண்டே இருந்தாள். மேலே பருப்பு பயந்து பயந்து முதலில் கொஞ்சம் இளகியது. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒன்றும் தெறிக்கவில்லை என்று தெரிந்ததும் பயத்தை விட்டுவிட்டுக் குழையத் தொடங்கியது. கடைசி விசில் வந்தபோது பருப்பு, பருப்பு என்று சொல்ல ஒரு மணிகூட இல்லாமல் மசிந்திருந்தது.

ஆவி அடங்கியதும் செண்பகவல்லி மூடியைத் திறந்து பாத்திரங்களை எடுத்தாள். அடுத்து குக்கருக்குள் பார்த்தவள், “ஏங்க! இங்க ஓடி வாங்க!” என்று கத்தினாள்.

சுடலைமுத்து ஓடி வந்தார். உள்ளே அவர் முகமே தெரிந்தது. “இதென்ன, வேற குக்கர் வாங்கிட்டியா?” என்று கேட்டார்.

“அதே குக்கர்தான். அடியில என்ன கெடக்குன்னு பாருங்க.”

வெளுத்துத் துவண்டு, நார் நாராக ஒரு புளிச்சக்கை கிடந்தது. செண்பகவல்லி அதைச் சுடச்சுட உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் பேரீச்சம்பழக்காரர் பொறுமையிழந்து மணியடித்தார். “என்னம்மா, தாரேன்னீங்களே?”

“தாரதா இல்லண்ணே. உங்க பேரீச்சம்பழத்த வேற வீட்டுல குடுங்க” என்று அங்கிருந்தே சொன்னாள். குக்கர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததில் மூடி கடகடவென்று ஆடியது.

பருப்புக்குத்தான் தலை குனிந்துவிட்டது. “அக்கா, நான் பேசுனது தப்பு. என்னால சத்தியத்த மீற முடியாது, வேகும்போது நீ என் பாத்திரத்துக்குள்ள வரக் கூடாது. ஆனா வெந்து முடிச்சதும் நானே உன்னத் தேடி வருவேன்” என்றது.

“வெந்ததும் வா. விறைப்போட மட்டும் வராத, எனக்கும் ஆகாது” என்றாள் புளியக்கா. குரலில் பழைய புளிப்பு இல்லை. அன்றைக்கு அந்த வீட்டுச் சாம்பார் மணத்தை மோந்து பேச்சியக்கா ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

பருப்பு குழைய வெந்த பிறகு புளியை ஊற்றுகிற வழக்கம் அப்படித்தான் வந்தது. அவசரப்பட்டு முன்னாலேயே ஊற்றுகிறவர்களுக்கு இன்றைக்கும் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கிறது. குக்கரின் அடித்தண்ணீரில் ஒரு துண்டு புளிச்சக்கை போடுகிறார்களே, அதுவும் அன்று முதல்தான். பிழிந்து முடித்தது இனி எதற்கு என்று தூக்கி எறியப் போகிற கை, குக்கரைப் பார்த்ததும் நின்றுவிடுவதும் அன்று முதல்தான்.